நெடுஞ்சாலையும் சர்க்கரையும்: லாரி டிரைவர்கள் அறிய வேண்டியவை

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே நாக்பூருக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் லாரி டிரைவர் ஒருவரிடம், ஒரு நாளைக்கு எத்தனை தேநீர் அருந்துகிறீர்கள் என்று கேட்டால் அவரால் திட்டமாகச் சொல்ல இயலாது. ஏனெனில் அவர் அருந்துவது தாகத்துக்காகவும் அன்று, ருசிக்காகவும் அன்று, இமை கனக்கும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டுவதற்கு ஒரு நியாயம் வேண்டியிருப்பதற்காகவே. தொப்பூர்க் கணவாயை நெருங்கும் சாலையில் நள்ளிரவுக்குப் பின்னும் விளக்கெரியும் கடைகளில் சற்று நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். டீ மாஸ்டர் கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வைத்து, டிகாக்‌ஷனும் பாலும் விழுமுன்பே ஒவ்வொன்றிலும் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிடுகிறார். வேண்டுமா என்று அவர் கேட்பதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் எவருக்கும் தோன்றுவதில்லை.

அந்தத் தம்ளரில் விழுவது இரண்டு ஸ்பூன், அதாவது ஏறத்தாழ 10 கிராம். இரவும் பகலுமாக ஏழு தேநீர் என்றால் 70 கிராம் ஆயிற்று. மத்தியான வெயிலில் ஒரு 600 மில்லி குளிர்பானப் புட்டியைத் திறந்தால், 100 மில்லிக்குப் பத்துப் பதினொரு கிராம் வீதம் இன்னும் ஓர் அறுபது கிராமுக்கு மேல் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறையோ, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவருக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருப்பின் மேலும் நலம் என்கிறது. ஆக, இனிப்புப் பண்டம் ஒன்றையும் தொடாதவர் என்று தம்மைத் தாமே எண்ணிக்கொண்டிருக்கும் டிரைவர், உச்ச வரம்பைப்போல் இரண்டரை மடங்கைத் தம்ளராலும் புட்டியாலுமே உட்கொண்டுவிடுகிறார். வெல்லமும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவை என்று நம்புவோர் நம்மிடையே பலர். இரத்தத்தில் சேர்ந்த பிறகு அவற்றுக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் பெரிய பேதம் இல்லை.

இதைக் கேட்டவுடன், நாவை அடக்கத் தெரியாதவர்கள் என்று டிரைவர்களைப் பழிப்பது எளிது. அந்தப் பழி நியாயமானதன்று. தூக்கம் குறையக் குறைய உடம்பு இன்சுலினுக்கு இணங்குவது குறைகிறது என்பதும், இனிப்பின் மேலும் மாவுப் பண்டத்தின் மேலும் வேட்கை பெருகுகிறது என்பதும் மருத்துவ ஆராய்ச்சிகள் மீண்டும் மீண்டும் கண்டுள்ள உண்மைகள். இரவெல்லாம் விழித்து ஓட்டுபவன் இனிப்பைத் தேடுவது சரீரத்தின் கோளாறேயன்றிக் குணத்தின் கோளாறு அன்று. ஆகவே, சாலையில் சர்க்கரையைக் குறைப்பது என்னும் காரியம் முதலாவதாக ஓய்வைப் பற்றியது. ஓய்வோ சட்டத்தைப் பற்றியது. டிரைவர்களுக்குச் சொல்லப்படும் சுகாதார உபதேசங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தை லாகவமாகத் தாண்டிப் போய்விடுகின்றன.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலையை வரையறுத்தது. அறிவிக்கப்பட்ட நெடுந்தூர வழிகளுக்கு அதிகாரியின் ஒப்புதலோடு நாளைக்கு 10 மணி வரை இடங்கொடுத்தது. ஐந்து மணி நேரம் ஓட்டியவனுக்கு அரை மணியேனும் இடைவேளை தராமல் மேலும் ஓட்டச் சொல்லலாகாது என்றது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்கு இடையே தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. ஐவருக்கும் குறைவான ஆட்களை வைத்திருக்கும் சிறிய உரிமையாளர், அச்சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லக்கூடும். ஆனால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 91-ஆவது பிரிவில், ஆட்களின் எண்ணிக்கையைப் பேசாமலேயே, போக்குவரத்து வாகனத்தை இயக்கும் எவருக்கும் அதே வேலை நேரம் பொருந்தும் என்று எழுதி வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், பழைய 1961 சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டாலும், நாளைக்கு எட்டு மணி என்னும் அடிப்படையைக் கைவிடவில்லை. மேலும், அரசு வகுக்கும் வயதினருக்கும் பிரிவினருக்கும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையைத் தன் செலவில் செய்விப்பது முதலாளியின் கடமை என்று புதிதாகவும் ஒன்றைச் சேர்த்திருக்கிறது.

ஏட்டில் இவ்வளவு இருக்க, சாலையில் நடப்பது வேறு. நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர்கள் வேண்டும் என்று முன்பு இருந்த விதி 2018-இல் தளர்த்தப்பட்டது. இருவர் போன காலத்தில் ஒருவர் ஓட்ட மற்றவர் உறங்குவார். வண்டி நின்ற இடத்தில் ஒருவர் அரிசி களைய மற்றவர் காய் நறுக்குவார். கிளீனரும் உடன் இருந்தால் சமையல் அவன் பொறுப்பு. இன்று பல வண்டிகளில் டிரைவர் தனி ஆள். படிக்காசு நடைக்கு இவ்வளவு என்று இருக்கையில், நின்று சமைக்கும் ஒவ்வொரு மணியும் தம் வருமானத்தில் கை வைக்கிறது என்றே அவர் நினைக்கிறார். ஆகையால் கிடைத்த இடத்தில் பரோட்டாவும் சால்னாவும், பிறகு ஒரு டீ, அதற்குப் பிறகு மற்றொரு டீ. உரிமையாளர்களை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. இத்தனை மணிக்குள் சரக்கு வந்து சேர வேண்டும் என்று நெருக்கும் கம்பெனிகளும், அதற்கு ஒத்துக்கொள்ளும் புக்கிங் ஆபீஸ்களும் இந்தப் பாபத்தில் சம பங்காளிகள்.

தனி ஒருவர் புகார் செய்தால் அடுத்த லோடு அவருக்குக் கிடைக்காது என்னும் அச்சம் வீண் அச்சமன்று. ஆதலால், புறப்பட்ட நேரத்தையும் நின்ற நேரத்தையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வருவதும், தொழிற்சங்கத்தின் வாயிலாகத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முறையிடுவதும் விவேகமான வழி. சுங்கச்சாவடிகளைக் கடந்த நேரம் ஃபாஸ்டாக் கணக்கில் பதிவாகிவிடுகிறது என்பதால், டிரைவர் பொய் சொல்கிறார் என்று இப்போது எவரும் சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது.

ஓய்வு ஒருபுறம் இருக்க, உணவில் இன்றைக்கே செய்யக்கூடியவையும் உண்டு. விழிப்பைத் தருவது தேயிலையிலும் காப்பிக்கொட்டையிலும் உள்ள கஃபீனேயன்றி அதில் கரையும் சர்க்கரை அன்று. சர்க்கரை ஏற்றும் உற்சாகம் சிறிது நேரத்தில் இறங்கி மயக்கத்தைக் கூட்டவும் செய்யும். ‘மாஸ்டர், ஒரு வித்தவுட்’ என்று கேட்டு வாங்கிக் குடித்து, வண்டியைப் பத்திரமான இடத்தில் நிறுத்தி இருபது நிமிஷம் கண்ணயர்ந்தால், எழும் வேளைக்குக் கஃபீன் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஓர் ஊக்கபானக் குப்பியால் கிடைப்பதைவிட அது மேலான பலன். அந்த ஊக்கபானங்களில் ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்க உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் அனுமதிக்கிறது; ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் அருந்தலாகாது என்னும் எச்சரிக்கை அந்த டப்பாவின் மேலேயே அச்சாகியிருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் பெயரைத் தாங்கிப் பழரசப் பெட்டிகள் விற்கப்பட்டதையும் அதே ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது. வெயிலில் களைத்த டிரைவர் மருந்தென்று எண்ணி வாங்கியது பெரும்பாலும் இனிப்புத் தண்ணீரே. தாகத்துக்குத் தண்ணீரும் உப்பு மோரும் போதும்.

நாமக்கல் வட்டாரம் லாரிக்கு மட்டுமன்றி முட்டைக்கும் பெயர் பெற்றது. அவ்விரண்டும் ஒரே மண்ணில் விளைந்தும் லாரிக்காரருக்கு முட்டையின் அருமை போதுமான அளவு தெரியாமல் இருப்பது விசித்திரம். அவித்த முட்டை இரண்டு, வறுத்த நிலக்கடலை ஒரு பிடி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சுண்டல் இவை கேபினில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், பசி எடுத்தவுடன் பிஸ்கட்டையும் பன்னையும் தேட வேண்டியதில்லை. சுண்டலை முதல் நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், கேபின் சூட்டில் அது தாங்காது. ஹோட்டலில் பரோட்டா நான்கு கேட்பவர் அதை இரண்டாக்கி, உடன் ஆம்லெட்டும் வெங்காயமும் வெள்ளரியும் கேட்கலாம். வடநாட்டுத் தாபாக்களில் பருப்பும் கோதுமை ரொட்டியும் எங்கும் கிடைக்கும், வெண்ணெய் வேண்டாம் என்று மட்டும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணெய்க் கம்பெனிகள் சில பெட்ரோல் நிலையங்களில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் லாரி டிரைவர்களுக்கென்று படுக்கை, குளியலறை, தாமே சமைத்துக்கொள்ளும் இடம் முதலியவற்றை அமைத்திருக்கின்றன. தம் வழியில் அவை எங்கே உள்ளன என்று விசாரித்து வைத்துக்கொள்வது நலம்.

இனி, ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களைப் பற்றி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டில் அது வயது வந்தோரில் 14.4 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. உட்கார்ந்தே வேலை செய்து வேளை தவறி உண்ணும் டிரைவர்கள் அதற்கு விலக்காவதற்கு ஒரு காரணமும் இல்லை. இவர்களுக்குள்ள பேரபாயம், பலரும் நினைப்பதுபோல் சர்க்கரை ஏறுவது மட்டுமன்று. ஸ்டியரிங் பிடித்திருக்கையில் அது திடீரென்று இறங்குவதே. இன்சுலின் போட்டுக்கொள்கிறவரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை விழுங்குகிறவரும், லோடு இறங்கத் தாமதமாகிறது என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், இரத்தச் சர்க்கரை 70-க்கும் கீழே போய், கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, வியர்த்து, பார்வை மங்கி, முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்னும் நிதானமே தப்பிவிடும். எஞ்சின் சூட்டில் எப்போதும் வியர்த்துக்கொண்டிருப்பவர் அந்த வியர்வையை அபாய அறிகுறி என்று உணராமல் போவதே இதிலுள்ள வஞ்சகம்.

அப்படித் தோன்றிய கணமே வண்டியை இடப்பக்கம் ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தி, டிரைவர் இருக்கையை விட்டு இறங்கிவிட வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மீண்டும் பரிசோதித்து, அளவு ஏறியதும் ஆகாரம் உட்கொண்டு, அதன் பிறகும் முக்கால் மணி நேரமாவது ஓட்டாமல் இருப்பது அவசியம். இரத்தச் சர்க்கரை சரியான பிறகும் மூளை தெளிய அவகாசம் எடுத்துக்கொள்ளும். சர்க்கரையைக் குறை என்று எழுதும் நானே, இவ்வகை மருந்து உண்பவர் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும் என்றும் எழுத வேண்டியிருக்கிறது. மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குச் சொல்ல வேண்டும். மருந்தின் அளவைத் தாமாகக் கூட்டுவதோ, ஓட்டும் நாளில் மாத்திரையே வேண்டாம் என்று விடுவதோ கூடாது. ‘நான் இரவில் லாரி ஓட்டுகிறவன்’ என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், இத்தகைய தாழ்வை எளிதில் உண்டாக்காத மருந்துகளை அவர் ஆலோசிக்க முடியும்.

பாதத்தையும் கண்ணையும் பற்றி ஒரு வார்த்தை. பழைய வண்டிகளில் பெடலுக்கு அருகே தகடு கொதிக்கும். நோயால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடு பட்டதும் தெரியாது, கொப்புளம் கண்டதும் தெரியாது. ரப்பர்ச் செருப்பை விட்டு மூடிய காலணி அணிவதும், இரவில் ஒரு முறை பாதத்தின் அடியைப் பார்ப்பதும் போதுமான காவல். போக்குவரத்து உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கையில் கண் பார்வைக்குச் சான்று வாங்குவது வேறு, நோயாளி ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்டிப் பார்த்துக்கொள்வது வேறு. இன்சுலினுக்கும் சூடு ஆகாது, டாஷ்போர்டில் வைத்தால் அது வீரியம் இழந்துவிடும்.

செலவுக்குப் பயப்படுவோருக்கு உள்ள வழிகளையும் அறிய வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் மாதச் சம்பளம் ரூ.21,000 வரை பெறுபவருக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவம் உரிமை, சம்பளப் பதிவே இல்லாமல் நடைக்கூலிக்கு ஓட்டுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே. அதற்கு வெளியே நிற்பவருக்கென்று தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்தால் விபத்து உதவி, கண் கண்ணாடிக்கு உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, ஓய்வூதியம் முதலியவை உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாதவருக்காக இல்லத்தரசி ஒரு தடவை சுகாதாரப் பணியாளரிடம் சொல்லி வைப்பது பிரயோஜனமாகும். சந்தேகம் கேட்க 104 என்னும் எண் இருக்கிறது.

புறப்படுமுன் லிவரால் ஒவ்வொரு டயரையும் தட்டிக் காற்றைச் சோதிக்கும் டிரைவர்கள், தங்கள் இரத்தத்தைச் சோதிப்பது காலில் புண் வந்து ஆறாதபோதுதான். அடிக்கடி சிறுநீர் கழித்தல், அடங்காத தாகம், காரணமில்லாத மெலிவு, மங்கும் பார்வை இவற்றில் ஒன்று இருந்தாலும், ஒன்றுமே இல்லாமல் முப்பது வயது கடந்திருந்தாலும், அடுத்த நடைக்கு முன் வெறும் வயிற்றில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அளவு 100-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 100 முதல் 125 வரை இருந்தால் தேநீரில் சர்க்கரையை இன்றே நிறுத்துங்கள், ஆறு மாதத்தில் மீண்டும் பாருங்கள். 126-ஐ எட்டினால் டாக்டரைப் பார்க்காமல் லோடு ஏற்றாதீர்கள். இந்தப் பரிசோதனைக்கு எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கட்டணம் கிடையாது.