சூடு பிடித்த மட்டை

அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் பலர் ஆட்டத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. மெய்யான ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுத்து, தாளிலோ கணினியிலோ ஒரு கற்பனைக் குழு அமைக்கிறார்கள். அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் குவிப்பதெல்லாம் இவர்கள் கணக்கில் ஏறும். 1980-இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளர் நண்பர்களோடு தொடங்கிய 'ரோட்டிசரி லீக்' இதற்கு வழிகாட்டி. (நியூயார்க்கில் அவர்கள் கூடிய உணவு விடுதியின் பெயர்தான் அது!)

இவர்களுக்கு ஒரு தீராத கவலை. யாரோ ஒரு மட்டைக்காரர் ஒரு மாதமாக வெளுத்து வாங்குகிறார். அவரை நம்பிக் குழுவில் சேர்க்கலாமா?

2006 ஏப்ரலில் டெட்ராய்ட் டைகர்ஸ் குழுவின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டங்களில் 9 ஹோம் ரன்கள் அடித்தார். அதாவது, பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். மாத முடிவில் கணக்கு 10. ஆண்டு முடிவில்? வெறும் 16! ஜூலை இறுதியிலேயே அவரைக் கீழ்நிலை லீகுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏன் இப்படி? நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். 100 புளியங்கொட்டைகள் எடுத்து, 27-ஐ மட்டும் தரையில் தேய்த்து வெளுப்பாக்குங்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுங்கள். வெளுத்தது வந்தால் 'ஹிட்'. மறுபடி பையில் போட்டு, இப்படியே 100 தடவை. நூற்றுக்கு 27 ஹிட் அடிக்கும் சுமாரான ஆட்டக்காரரின் ஒரு மாதம் இதுதான். மூன்றில் இரண்டு பங்கு சோதனைகளில் விடை 23-க்கும் 31-க்கும் இடையில் இருக்கும். ஆனால் இருபது பேர் செய்தால், ஒருவருக்கு 35 அல்லது அதற்கும் மேல் வரக்கூடும். கொட்டைகளுக்குத் திடீரென்று திறமை வந்துவிட்டதா, என்ன? பெரிய லீகில் 30 குழுக்கள். குழுவுக்கு 9 பேர் என்றால் 270 மட்டைக்காரர்கள். அத்தனை பேரும் ஒரே திறமையுள்ளவர்களாக இருந்தாலும், ஒரு டஜன் பேராவது அந்த மாதம் 'நட்சத்திர'மாக மின்னுவார்கள்!

ஆகவே கெட்டிக்கார ரசிகர் ஹிட் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. ஹோம் ரன்களை நீக்கிவிட்டால், மைதானத்துக்குள் அடிக்கப்படும் பந்துகளில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதே ஹிட் ஆகின்றன. வேகமாக ஓடுபவருக்குச் சற்றுக் கூடும். ஒருவருக்கு அது நாற்பத்தைந்தாக இருந்தால், பந்துகள் ஆளில்லாத இடமாகப் பார்த்து விழுகின்றன என்றே பொருள், விரைவில் இறங்கும். மட்டையிலிருந்து பந்து புறப்படும் வேகம் கூடியிருக்கிறதா, பந்தைத் தொடாமலே ஆட்டமிழப்பது குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது மேல். இவற்றில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு.

அப்படியானால் எல்லாச் சூடும் ஆறித்தான் போகுமா? அதுவும் இல்லை. டொரான்டோ புளூ ஜேஸ் குழுவின் ஹோசே பௌட்டிஸ்டா எந்த ஆண்டிலும் 16 ஹோம் ரன்களைத் தாண்டாதவர். 2009-இல் அடித்த 13-இல் 10, கடைசி மாதத்தில் வந்தவை. ஷெல்டன் கணக்கேதான்! ஆனால் ஒரு வேற்றுமை: பயிற்சியாளர்கள் சொல்லி, மட்டை வீச்சை முன்னைவிடச் சீக்கிரமாகத் தொடங்கப் பழகியிருந்தார் அவர். புளியங்கொட்டைப் பையே மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010-இல் அவர் அடித்தது 54, 2011-இல் 43.