வாலடியில் மறைந்திருக்கும் நோய்

புல்டாக், பிரெஞ்ச் புல்டாக், பாஸ்டன் டெரியர், பக் ஆகிய குறுமுக நாயினங்களைச் சேர்ந்த பல நாய்களுக்கு, வாலைச் சுற்றியோ வாலுக்கு அடியிலோ ஆழமான தோல் மடிப்பு ஒன்று அமைந்திருக்கிறது. குட்டையாகவும் திருகலாகவும் உள்ள வால் உடலை ஒட்டி, சில வேளைகளில் உள்நோக்கியே வளர்வதால், அதைச் சூழ்ந்த தோல் மடிந்து, வெளிப்பார்வைக்குப் புலப்படாத ஒரு குழியாகிவிடுகிறது. இதை வாலடிக் குழி எனலாம். சில நாய்களில் அது விரல் நுனி படுமளவே ஆழமானது. வேறு சிலவற்றில் விரலின் முதற்கணு முழுவதும் உள்ளே மறைந்துவிடும். முகச் சுருக்கங்களை நாள்தோறும் துடைத்துவிடும் வளர்ப்போருள் பலர், இப்படி ஒரு குழி இருப்பதையே துர்நாற்றம் வீசத் தொடங்கிய பிறகுதான் அறிகின்றனர் என்பதும், அதற்குள் நாய் பல நாள் வலியைத் தாங்கியிருக்கும் என்பதும் இந்நோயின் வருந்தத்தக்க இயல்பு.

இந்த வால் இயற்கையின் போக்கில் உருவானதன்று. இங்கிலாந்தில் காளைகளின் மீது நாய்களை ஏவும் கொடிய கேளிக்கை 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்ட பின், அதற்கெனவே வளர்க்கப்பட்ட புல்டாக் கண்காட்சி நாயாகவும் வீட்டு நாயாகவும் மாறியது. வேலைத்திறனுக்குப் பதிலாகத் தோற்றமே அளவுகோலாகி, குட்டை முகமும் திருகு வாலும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, புல்டாக், பிரெஞ்ச் புல்டாக், பாஸ்டன் டெரியர் ஆகிய மூன்று இனங்களின் திருகு வாலுக்கு டிவிஎல்2 என்னும் மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றம் காரணமாகிறது எனக் காட்டியது. கரு வளரும்போது எலும்புகளின் வடிவை நெறிப்படுத்தும் உயிரணுச் செய்தித் தொடரில் இம்மரபணுவுக்குப் பங்குண்டு. அது குறைபட்டதால் வால் முள்ளெலும்புகள் எண்ணிக்கையில் குறைந்தும், ஆப்பு வடிவில் ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தும், ஒன்றோடொன்று ஒட்டியும் போகின்றன. மனிதரில் அரிதாகக் காணப்படும் ரோபினோ நோய்க்குறியும் இதே செய்தித் தொடரின் குறைபாட்டால் வருவது என்பதை இங்கே நினைவுகூர்வது நல்லது; கொஞ்சத் தூண்டும் அழகாக ஒருவர் காணும் வால், மருத்துவக் கண்ணுக்கு முதுகெலும்பின் பிறவிக் குறையாகவே தெரிகிறது.

குழியினுள் நோய் உண்டாகும் முறை எளிமையானது. தோலும் தோலும் ஓயாமல் உரசுவதால் மேல்தோலின் காப்பு அடுக்கு தேய்கிறது. காற்றோட்டம் இல்லாததால் ஈரம் உலர்வதில்லை. தோலின் எண்ணெய்ப்பசையும் உதிர்ந்த தோற்செல்களும் உதிர்முடியும், குதம் அருகிலேயே இருப்பதால் சிறிதளவு மலமும் அங்கே தேங்குகின்றன. நலமான நாயின் தோலில் தொல்லையின்றி வாழும் நுண்ணுயிர்கள் இந்த வெதுவெதுப்பான ஈரத்தில் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அவற்றுள் முதன்மையானவை ஸ்டஃபைலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாவும், எண்ணெய்ப்பசையை விரும்பும் மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையும். கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் பாலும் வியர்வையும் தேங்கித் தோல் சிவந்து புண்ணாவதைக் கண்ட தாய்மாருக்கு இந்நோயை விளக்கவே வேண்டியதில்லை. மருத்துவத்தில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே, மடிப்புத் தோல் அழற்சி. இது தொடக்கத்தில் தோலின் மேற்பரப்பில் மட்டும் நிகழ்வது. கவனிக்காமல் விட்டால் மேல்தோல் அரிந்து, பாக்டீரியா மயிர்க்கால்களுக்குள்ளும் அடித்தோலுக்குள்ளும் இறங்கிச் சீழ்க்கட்டியாகவும் ஆறாப் புண்ணாகவும் மாறும்.

நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மணமே. பூஞ்சை மிகுந்தால் ஊசிப்போன எண்ணெயை ஒத்த வாடையும், பாக்டீரியா மிகுந்தால் அழுகல் நாற்றமும் வருவது வழக்கம். ஆயினும் மணத்தை மட்டும் வைத்து இன்னது எனத் தீர்மானித்துவிட இயலாது. நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்து இழுக்கும், சுவரிலோ நாற்காலிக் காலிலோ உரசும், வாலை நக்கவும் கடிக்கவும் எட்டாமல் சுற்றிச் சுற்றி வரும், வாலருகே கை கொண்டுபோனால் உட்கார்ந்துவிடும் அல்லது சீறும். பின்புறத்தைத் தேய்ப்பது குடற்புழுவால்தான் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருப்பதால், பல வீடுகளில் புழுமருந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். உண்மையில் குதத்தின் இருபுறமும் உள்ள சுரப்பிப் பைகள் அடைத்துக்கொள்வது, தெள்ளுப்பூச்சிகளால் வரும் ஒவ்வாமை, வாலடிக் குழியின் அழற்சி ஆகிய மூன்றும் இதே நடத்தையைத் தோற்றுவிக்கும். ஆகவே இவ்வினங்களில் எந்த நாய் பின்புறத்தைத் தேய்த்தாலும் முதலில் வாலை உயர்த்தி அடியில் பார்ப்பதே முறை.

மருத்துவமனையில் நடக்கும் ஆய்வும் அப்படித்தான் தொடங்குகிறது. ஒருவர் நாயின் தலைப்பக்கத்தை அணைத்துப் பிடிக்க, மருத்துவர் வாலடித் தோலை இரு விரல்களால் விரித்து உள்ளே பார்க்கிறார். வலி மிகுந்த நாய்க்கு மயக்க ஊசி இல்லாமல் இதைச் செய்யவே முடியாமல் போவதும் உண்டு. உட்சுவர் செந்நிறமாக மினுமினுக்கும், பழுப்பு நிறப் பிசுக்கு படிந்திருக்கும், நாட்பட்ட நோயில் தோல் தடித்துக் கருத்திருக்கும். பஞ்சுக்குச்சியால் அப்பிசுக்கைத் தொட்டுக் கண்ணாடிச் சில்லில் உருட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் இடுங்கிய முட்டை வடிவப் பூஞ்சைச் செல்களும், கொத்துக் கொத்தான உருண்டைப் பாக்டீரியாக்களும், அவற்றை விழுங்க வந்த வெள்ளணுக்களும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எளிய இச்சோதனையைத் தவிர்த்துவிட்டு மருந்தெழுதுவது சரியன்று. பூஞ்சையால் வந்த நோய்க்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தால் நாற்றம் குறையாததோடு, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தோலில் நிலைபெறவும் அது வழிவகுக்கும். கோலுருவப் பாக்டீரியாக்கள் தென்பட்டாலோ, முன்பு கொடுத்த மருந்து பலிக்காமல் நோய் மீண்டாலோ, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதை அறிய வளர்ப்புச் சோதனை தேவைப்படும்.

மேற்பரப்பு நோய்க்கு மேற்பூச்சு மருத்துவமே போதுமானது என்பதே இன்று தோல்நோய் வல்லுநர்களின் கருத்து. குழியைச் சுற்றியுள்ள முடியை ஒட்ட நறுக்கியபின், 2 முதல் 4 விழுக்காடு வரை குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி உள்ள கழுவுநீர்மத்தையோ ஷாம்பூவையோ மருத்துவர் பரிந்துரைப்பார். பூஞ்சையும் இருந்தால் மைக்கோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி சேர்ந்த கலவை ஏற்றது. ஷாம்பூ தோலில் 10 நிமிடமேனும் இருந்தால்தான் வேலை செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை; போட்டவுடன் கழுவிவிட்டால் நுரை மட்டுமே மிஞ்சும். வீக்கமும் வலியும் மிகுந்திருந்தால் சில நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு களிம்போ மாத்திரையோ தரப்படும், ஏனெனில் தோல் வீங்கியிருக்கும்வரை குழியின் வாய் மூடியே இருக்கும், மருந்து உள்ளே சேராது. வாய்வழி ஆன்டிபயாட்டிக் அடித்தோல் வரை இறங்கிய நோய்க்கே உரியது. கண்ணுக்குச் சரியானதாகத் தோன்றியதும் மருந்தை நிறுத்திவிடாமல், மறுபடி பஞ்சுக்குச்சிச் சோதனை செய்து கிருமி குறைந்ததை உறுதிப்படுத்திக்கொண்டு, பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்னும் பராமரிப்பு நிலைக்கு மாறவேண்டும்.

குழியின் வடிவம் மாறாதவரை நோய் திரும்பும் வாய்ப்பும் மாறுவதில்லை; எனவே இந்நோயில் சிகிச்சையைவிடத் தடுப்பே பெரும்பகுதி. ஈரமான மெல்லிய துணியையோ, நாய்களுக்கென விற்கப்படும் குளோர்ஹெக்சிடின் துடைப்புத்தாளையோ சுட்டுவிரலில் சுற்றி, வாலின் மேல், பக்கம், அடி எனக் குழி முழுவதையும் மென்மையாகத் துடைத்தெடுப்பது முதல் வேலை. துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை புதுத்துணி மாற்றித் துடைக்கவேண்டும். அடுத்துச் செய்யவேண்டியது அதைவிட முக்கியமானது: உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, தோலை விரித்தபடியே சற்று நேரம் காற்றாட விடவேண்டும். துடைத்துவிட்டு உலர்த்தாமல் விடுவது, துடைக்காமல் விடுவதைவிடச் சில வேளை தீமையாக முடியும், ஏனெனில் நோய்க்கு வேண்டிய ஈரத்தை வளர்ப்பவரே அங்கே ஊற்றியதாகிறது. குளிப்பாட்டிய நாட்களிலும் மழையில் நனைந்த நாட்களிலும் இது கட்டாயம். சிலவற்றுக்கு நாள்தோறும், சிலவற்றுக்கு வாரம் இருமுறை என நாய்க்கு நாய் தேவை மாறும். துணியில் வரும் பிசுக்கே அதற்கு அளவுகோல். குட்டிப் பருவத்திலிருந்தே, தின்பண்டம் கொடுத்து, வாலடியைத் தொடவிடப் பழக்கியிருந்தால் இவ்வேலை இருவருக்கும் துன்பமில்லாமல் முடியும்.

நம் வீடுகளில் கைக்கெட்டும் பொருள்களில் பல இங்கே பொருந்தாதவை. தேங்காயெண்ணெய் ஈரத்தைப் பூட்டிவைத்துப் பிசுக்கை மிகுவிக்கும். முகப்பவுடரும் சோளமாவும் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உரசும். தரை துடைக்கவும் காயம் கழுவவும் வைத்திருக்கும் காரமான கிருமிநாசினியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் அரிந்த தோலை மேலும் எரிக்கும். தேயிலை மர எண்ணெய் நாய்களுக்கு நஞ்சு. குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாகக் களிம்பை நாய் நக்கி விழுங்கினால் வயிற்றுக் கோளாறும், அளவு மிகுந்தால் இரத்தச் சிவப்பணுச் சிதைவும் ஏற்படக்கூடும்; ஆதலால் மருத்துவரைக் கேளாமல் அதைப் பயன்படுத்தலாகாது.

துடைப்பது ஒழுங்காக நடந்தும் நோய் மீண்டும் மீண்டும் வருமானால், காரணம் வாலுக்கு வெளியே இருக்கலாம். உடற்பருமன் மடிப்பை ஆழமாக்குகிறது. எடை குறைந்ததுமே குழி ஆழம் குறைந்து பாதித் தொல்லை தீர்வதுண்டு. உணவு ஒவ்வாமையும் தூசு, மகரந்தம் போன்றவற்றால் வரும் தோல் ஒவ்வாமையும் இவ்வினங்களில் மிகுதி; அப்போது காது, விரலிடுக்கு, அக்குள் ஆகிய இடங்களிலும் சிவப்பு தென்படும். சென்னை போன்ற கடற்கரை நகரங்களின் புழுக்கம் இவையனைத்தையும் கடுமையாக்குவது. குளிர்நாட்டில் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும் என்று எழுதப்பட்ட அறிவுரை இங்கே செல்லாது.

எல்லா முயற்சியும் தோற்ற நாய்க்கு இறுதி வழி அறுவை சிகிச்சை. திருகிய வால் முள்ளெலும்புகளையும் குழியின் தோலையும் முழுவதுமாக அகற்றித் தைப்பதே அது. எலும்பு எத்திசையில் வளைந்துள்ளது என்பதை முன்கூட்டி எக்ஸ்ரேயில் பார்த்து, தொற்றை இயன்றவரை அடக்கிய பிறகே கத்தியை எடுப்பர். குதமும் மலக்குடலும் அவற்றை இயக்கும் நரம்புகளும் மிக அருகில் இருப்பதால், தையல் பிரிதல், தொற்று, அரிதாக மலத்தை அடக்க இயலாமை ஆகிய இடர்கள் உண்டு. குறுமுக நாய்களின் மூச்சுப்பாதை இயல்பிலேயே குறுகியது என்பதால் மயக்க மருந்துக்கும் தனிக்கவனம் தேவை. தையல் பிரிக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள்வரை, நாய் அவ்விடத்தை நக்காதபடி கழுத்துக் கூம்பு அணிவிக்க வேண்டும். அனுபவமுள்ள அறுவை மருத்துவரின் கையில் பெரும்பாலான நாய்கள் தொல்லையிலிருந்து நிரந்தரமாக விடுபடுகின்றன. ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழவிடுவதைவிட இது கருணையான முடிவு என்பதில் ஐயமில்லை.

லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் 2022ஆம் ஆண்டு ஆய்வு, பிரிட்டனில் புல்டாக்குகளுக்கு முகம், வால் உள்ளிட்ட தோல் மடிப்புகளில் அழற்சி ஏற்படும் வாய்ப்பு பிற நாய்களைவிட ஏறத்தாழ 38 மடங்கு எனக் காட்டுகிறது. இத்தகைய வேறுபாடு வளர்ப்போரின் கவனக்குறைவால் மட்டும் வந்திருக்க முடியாது. அது உடலமைப்பில் எழுதப்பட்டது, உடலமைப்போ இனப்பெருக்கம் செய்வோர் தேர்ந்தெடுப்பது. உள்நோக்கி வளர்ந்த வாலும் மிக இறுகிய வாலும் விரும்பத்தகாதவை என்று பிரிட்டனின் கென்னல் கிளப் என்னும் நாயின அமைப்பு வகுத்த புல்டாக் இலக்கணமே கூறுகிறது. ஆயினும் வாங்குவோர் கேட்காதவரை விற்போர் மாறுவதில்லை. எனவே இவ்வினக் குட்டியை வாங்க விரும்புவோர், சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் தாய் நாயின் வாலடியை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே விரல் நுழையும் குழியோ சிவந்த தோலோ இருக்குமானால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் திரும்புங்கள்.