செடி விளக்கும் மின் கசிவும்: எண்ணூர் அங்கத்தினர் கவனத்துக்கு

கீரையையும் நாற்றையும் வீட்டினுள்ளேயே மின்விளக்கொளியில் வளர்க்கும் வழக்கம் நகர்ப்புறங்களில் பரவி வருகிறது. முற்றமில்லாத இல்லங்களுக்கு இஃது ஒரு வசதியே. ஆயினும், தண்ணீரும் மின்சாரமும் ஒரே அலமாரியில் குடியிருக்கின்றன என்பதை மறத்தலாகாது.

எண்ணூருக்கு மின்சாரம் புதிய விருந்தாளி அன்று. 1970 முதல் 2017 வரை இவ்வூரில் அனல் மின் நிலையம் இயங்கியது. ஆனால் இங்குள்ள உப்புக் காற்று திருகாணியையும் செம்புக் கம்பியையும் விட்டுவைப்பதில்லை. உள்நாட்டில் பல்லாண்டு உழைக்கும் இணைப்பு இங்கே விரைவில் பச்சை பூத்துவிடும்.

100 வாட் எல்.இ.டி. விளக்கு, 230 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. ஆகவே கம்பி சூடேறும் அச்சம் பெரிதன்று, கசிவே அச்சத்துக்குரியது. பியூஸும் எம்.சி.பி.யும் இருக்கின்றனவே என்பர் சிலர். அவை கம்பியைக் காப்பவை. மனிதரைக் காப்பவை அல்ல. 6 ஆம்பியர் எம்.சி.பி., 6,000 மில்லி ஆம்பியர் வரை வாளாவிருக்கும். ஈரக் கையால் தொட்டவரின் உயிரைக் குடிக்க அதில் நூற்றில் ஒரு பங்கே போதியதாகலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. விளக்கு வாங்குமுன் உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு இதனைப் பொருத்துக. இதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்த்தல் வேண்டும். எர்த் சரியாயுள்ளதா என்பதை அப்பொத்தான் காட்டாது. அதனை வயர்மேனே அளந்து சொல்ல வேண்டும். மணற்பாங்கான இக்கரையில் கோடையில் எர்த் குழி வறண்டுவிடுமாதலால், அவ்வப்போது நீர் ஊற்றி வருவது அவசியம். உலோக உடல் கொண்ட விளக்குக்கும், அது தொங்கும் இரும்பு அலமாரிக்கும் எர்த் இணைப்பு வேண்டும். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை ஒடித்துவிட்டு, இரண்டு துளைகளில் செருகிவிடும் சாமர்த்தியத்தை என்னென்பது!

விளக்கின் ஒயர், சாக்கெட்டுக்குக் கீழே சற்றுத் தொங்கி, வளைந்து மேலேறட்டும். வழிந்துவரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். நீர் தெளிக்குமுன் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் எடுத்துவிடுக. தறியுள்ள அறையில் விளக்கமைக்கும் நெசவாளர், சூடேறும் டிரைவர் பெட்டிமேல் பஞ்சுத் தூசி படியவிடலாகாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இப்பகுதி வீடுகளில் வெள்ளமும் எண்ணெயும் ஒருங்கே புகுந்தன. அத்தகைய நீரில் மூழ்கிய சாக்கெட், வெளியே காய்ந்து தோன்றினும் உள்ளே ஈரமும் உப்பும் கொண்டிருக்கும். வயர்மேன் சோதித்த பின்னரே மெயினைப் போடுக. புதிதாக அமைப்போர், அந்த வெள்ளம் சுவரில் ஏறிய உயரத்தை நினைவிற்கொண்டு, சாக்கெட்டை அதற்கு மேலேயே வைப்பாராக.