முத்துக் காசில் வார்த்த எழுத்து! தெரியுமா?

பட்டச் சான்றிதழிலும் கல்யாணப் பத்திரிகையிலும் முள்ளும் கொக்கியுமாகக் கன்னங்கரேலென்று ஓர் ஆங்கில எழுத்து நிற்குமே, கம்ப்யூட்டரில்கூட ‘ஓல்டு இங்கிலீஷ்’ என்ற பெயரில் இருக்குமே, அதுதான் பிளாக்லெட்டர். அதன் கதையில் நம்ம தூத்துக்குடிக் கரையும் வருகிறது!

தெரியுமா? 1455 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிள் முழுக்க பிளாக்லெட்டர்தான்! பட்டைமுனை இறகுப் பேனாவில் எழுதிய ஏட்டை உலோகத்தில் அப்படியே கொண்டுவரப் பார்த்தார் மனிதர். அதற்காக அவர் வார்த்த அச்சுகள் சுமார் 290 வகை!

தெரியுமா? நம்மவர்களும் அதிகம் பின்தங்கவில்லை! 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வந்தது ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறிஸ்தவ நூல். மொத்தமே 16 பக்கம். தமிழாக்கியவர் தூத்துக்குடிக் கரையின் புன்னைக்காயலில் வாழ்ந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள்!

தெரியுமா? அந்தச் சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வகைத் தமிழ் அச்சு! ஒன்று 1577இல் கோவாவில் வார்த்தது, மற்றது 1578இல் கொல்லத்தில் வார்த்தது. தமிழின் முதல் எழுத்துரு மாதிரிப் பக்கம் என்றே அதைச் சொல்லலாம்!

தெரியுமா? ஜெர்மன் அச்சு இறகுப் பேனாவைப் பின்பற்றியது என்றால், நம் அச்சு எழுத்தாணியைப் பின்பற்றியது. ஓலையில் கீறும் வழக்கப்படியே மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம்! இடம் பார்த்து நாமாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

தெரியுமா? பிளாக்லெட்டரும் தமிழும் ஒரே ஊரில் சந்தித்ததும் உண்டு! தரங்கம்பாடி கிறிஸ்தவ மிஷனுக்காக, பிளாக்லெட்டர் கோலோச்சிய ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் அச்சு வார்த்தார்கள். வந்து சேர்ந்ததோ கொட்டை கொட்டையான எழுத்து, காகிதத்தை விழுங்கிவிடும்! உடனே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயம்? சீமையிலிருந்து வந்த சீஸைச் சுற்றியிருந்த தகடு! 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்துவிட்டது.

தெரியுமா? ‘ஜெர்மானிய எழுத்து’ என்று நாஜிகள் கொண்டாடிய பிளாக்லெட்டருக்கு 1941 ஜனவரி 3 அன்று அவர்களே தடை போட்டார்கள். ‘யூத எழுத்து’ என்று ஆதாரமே இல்லாத பழி வேறு. கூத்தைக் கேளுங்கள்: அந்த உத்தரவு போன தாளின் தலைப்பே பிளாக்லெட்டரில் இருந்தது!

தெரியுமா? ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் பெயரை இன்றும் இந்த எழுத்தில்தான் போடுகிறது. ஆனால் முதலெழுத்துகள் மட்டுமே பெரிய எழுத்து. காரணம், சுழியும் வளைவும் நிறைந்த பெரிய எழுத்துகளை வரிசையாக அடுக்கினால் ஒன்றும் புரியாது. கல்யாணப் பத்திரிகைக் கடையில் ‘ஓல்டு இங்கிலீஷ்’ கேட்கப் போகிறீர்களா? மாப்பிள்ளை பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் போடச் சொல்லிவிடாதீர்கள். கல்யாணம் யாருக்கு என்றே தெரியாமல் போய்விடும்!