மூலைவிட்டம் சொன்ன உண்மை

பழைய கட்டடங்களை மாணவர்கள் அளந்து வரையும் போட்டி ஒன்றில் நடுவராக இருந்தேன். இறுதியில் இரண்டு படங்கள் நின்றன. இரண்டும் ஒரே சத்திரத்தின் தரைப்படங்கள். ஒன்று அச்சிட்டாற்போல் அழகு. மற்றொன்றில் அழித்தெழுதிய தடங்கள். கூடம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என் மனம் முதலில் அழகான படத்தின் பக்கமே சென்றது.

மதிப்பெண் இடுமுன் களக்குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கினேன். கூடத்தின் நீளம் 8 மீட்டர், அகலம் 6 மீட்டர் என்று இரு குழுவினரும் எழுதியிருந்தனர். மூலைகள் செங்கோணமானால் மூலைவிட்டம் 10 மீட்டர் இருக்க வேண்டும். பிதாகரஸ் தேற்றம் நாம் நடத்துவதுதானே. முதல் குழு மூலைவிட்டத்தை அளக்கவே இல்லை. செவ்வகம் என்று எண்ணி வரைந்துவிட்டது. இரண்டாம் குழு அளந்திருந்தது: ஒன்று 10.20 மீட்டர், மற்றது 9.80 மீட்டர். நாடாவுடன் நேரில் சென்று பார்த்தேன். கூடம் உண்மையிலேயே கோணல்தான்.

அளவு வரைபடம் கட்டடத்தின் இன்றைய நிலைக்குச் சான்று. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் மரக்கூரைச் சட்டங்களை 2014இல் இரு கட்டடக்கலைஞர்கள் அளந்து வரைந்தனர். 2019 ஏப்ரல் 15 அன்று அக்கூரை எரிந்துபோனது. அதை மீண்டும் அமைக்க அந்த வரைபடங்கள் உதவின. அவற்றில் ஊகம் கலந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

ஆகவே நான் மதிப்பிட்டவை இவை:

1. இரு மூலைவிட்டங்களையும் அளந்தார்களா?

2. சுவர் நெடுக ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்தார்களா? துண்டு துண்டாக அளந்து கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகும்.

3. வடதிசைக் குறி, அளந்த நாள், கோட்டு அளவுகோல் உள்ளனவா? படியெடுக்கும்போது படம் சுருங்கினாலும் கோட்டு அளவுகோலும் உடன் சுருங்கும், அளவு தவறாது.

4. அளக்க முடியாத பகுதியைப் புள்ளிக்கோட்டால் காட்டி, ‘அளக்கவில்லை’ என்று எழுதினார்களா?

முதல் பரிசு இரண்டாம் குழுவுக்குச் சென்றது. முதல் குழு மாணவி ஒருத்தி கலங்கிய கண்களுடன், “நாங்க நேராத்தானே ஐயா வரைஞ்சோம்?” என்றாள். “கோடு நேரா இருக்கும்மா, சுவர்தான் நேரா இல்ல” என்றேன். அடுத்த வாரமே அக்குழு நாடாவுடன் சத்திரத்துக்குச் சென்றதாக அவர்களுடைய ஆசிரியர் சொன்னார்.

நாமும் தொடங்கலாம். நாளை நம் வகுப்பறையின் இரு மூலைவிட்டங்களையும் மாணவர்களை அளக்கச் சொல்வோம். இரண்டும் சமமா என்று அவர்களே கண்டு சொல்லட்டும்.