பில் புரோகிராமில் இரண்டு 12

சேலம் அருகே உள்ள ஆட்டையாம்பட்டி, கை முறுக்குக்குப் பெயர் போன ஊர். அங்கே ஒரு கடையின் பில் புரோகிராமைத் திருத்தித் தரும் வேலை எனக்கு வந்தது. பைத்தானில் எழுதியது. பாக்கெட்டில் அடைத்து லேபிளுடன் விற்கும் முறுக்கு, மிக்சர் வகைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்ததே காரணம். "ஒரு எண்ணை மாத்துனா போதுமுங்களே" என்றார் கடைக்காரர்.

திறந்து பார்த்தால் 'பில்' என்று ஒரே பங்ஷன், 200 லைனுக்கு மேல்! அதில் 12 பல இடங்களில் இருந்தது. சில வரிக்கு, சில டஜனுக்கு. பைண்ட் அண்ட் ரீப்ளேஸ் கொடுத்தால் டஜனுக்கு 5 பாக்கெட் என்றாகிவிடும்.

இப்படி நீண்ட பங்ஷனிலிருந்து ஒரு பகுதியைத் தனியே பிரித்துப் பெயரிடுவதை, மார்ட்டின் பவுலர் 1999-ல் வெளியிட்ட 'ரீபாக்டரிங்' நூல் எக்ஸ்ட்ராக்ட் மெத்தட் என்கிறது. முதலில் பத்து பழைய பில்களின் தொகையைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு ஒரே வேலையைச் செய்யும் லைன்களை கட் செய்து புது பங்ஷனில் பேஸ்ட் செய்யுங்கள். தேவையான மதிப்புகளை பாராமீட்டராகக் கொடுத்து, விடையை ரிடர்ன் செய்ய வேண்டும். பழைய இடத்தில் அந்த பங்ஷனை அழையுங்கள். ரன் செய்து பத்து பில்லையும் ஒப்பிடுங்கள். பைசா கூட மாறக் கூடாது. பிறகுதான் அடுத்த துண்டு.

பெயர் வைக்கத்தான் யோசிக்க வேண்டும். அந்த லைன்களுக்கு மேலே என்ன கமெண்ட் எழுதுவீர்களோ, அதையே பெயராக்குங்கள். பைத்தான் 3-ல் தமிழிலும் வைக்கலாம்: டஜனை_பாக்கெட்டாக்கு, வரி_விகிதம். அதற்காக இரண்டு லைனுக்கு ஒன்று என்று நறுக்க வேண்டாம்.

பிரித்து முடித்த பிறகே வரியில் கை வைத்தேன். வரி_விகிதம் பங்ஷனுக்கு பில் தேதியையும் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் 22-க்கு முந்தைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் அது 12 என்று சொல்லும்.