மூன்றாம் வாய்ப்பாட்டில் பிறந்த ராப்

நியூயார்க்கின் கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் லாங் ஐலண்டில் அமிட்டிவில் என்றொரு சிற்றூர். அங்கே ஒரே பள்ளியில் படித்த மூன்று பையன்கள் 1988 வாக்கில் ராப் குழுவாகச் சேர்ந்தார்கள். குழுவின் பெயர் டி லா சோல். அதில் டேவிட் ஜோலிகர், தயிருக்கான ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பி ‘ட்ரூகாய்’ என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டார். கெல்வின் மெர்சரும் அதே போல எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ‘பாஸ்ட்னூஸ்’ ஆனார். மூன்றாமவர் டிஜே வின்சென்ட் மேசன். பெயரிலேயே விளையாடத் தொடங்கிவிட்ட இவர்கள் 1989 மார்ச்சில் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘திரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’. ராப்பில் இதைவிட மகிழ்ச்சியான ஆல்பத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

அந்த மகிழ்ச்சிக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் அரசியல் கோபம் நியூயார்க்கை உலுக்கியது. மேற்குக் கரையிலிருந்து என்.டபிள்யூ.ஏ. குழு காவல்துறையை நேருக்கு நேர் சாடியது. ராப்பர் என்றால் கழுத்தில் தடித்த தங்கச் சங்கிலி, முகத்தில் கடுமை என்று ஆகிவிட்டிருந்த நேரம். இவர்களோ பூப்போட்ட சட்டையில், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் அட்டையில், டெய்சிப் பூக்களுக்கு நடுவே வந்து நின்றார்கள். டெய்சி என்ற சொல்லின் எழுத்துகளுக்கு அவர்கள் வைத்த விரிவு, ‘உள்ளுக்குள் ஒலிக்கும் ஓசை’ என்ற பொருள் தருவது. ‘மீ மைசெல்ஃப் அண்ட் ஐ’ பாடலின் வீடியோவில் ஒரு ராப் வகுப்பறை வரும். மற்ற மாணவர்கள் சங்கிலியும் மிடுக்குமாக உட்கார்ந்திருக்க, இந்த மூவர் மட்டும் அதில் ஒட்டாமல் கேலிக்கு ஆளாவார்கள். அந்தப் பாடல் அமெரிக்க ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

ஆல்பத்தைத் தயாரித்தவர் பிரின்ஸ் பால். அதே ஊர்க்காரர், இவர்களைவிடச் சில வயதே மூத்தவர், ஸ்டெட்சாசானிக் குழுவின் டிஜே. பழைய இசைத்தட்டிலிருந்து சில நொடிகளை வெட்டியெடுத்துச் சுழலவிட்டு, அதன்மேல் புதுப் பாட்டைக் கட்டும் சாம்பிளிங் அப்போது பரவலாக இருந்தது. பெரும்பாலோர் ஜேம்ஸ் பிரவுன் தட்டுகளையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாலும் இந்தப் பையன்களும் வீட்டில் கிடந்த எல்லாத் தட்டுகளையும் எடுத்துப் போட்டார்கள். ‘ஐ நோ’ பாடலில் ஸ்டீலி டானின் இசைத்துண்டும் ஓடிஸ் ரெடிங்கின் சீழ்க்கையும் சேர்ந்து வருகின்றன. ஆல்பத்தின் பெயரே கண்ட்ரி பாடகர் ஜானி கேஷ் வெள்ளத்தைப் பற்றிப் பாடிய பாட்டிலிருந்து வந்தது. எனக்கு மிகப் பிடித்தது ‘தி மேஜிக் நம்பர்’. அமெரிக்கத் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கு மூன்றாம் வாய்ப்பாடு சொல்லித்தர 1973-ல் பாப் டோரோ எழுதிய பாட்டு அதன் அடித்தளம். சிறுவயதில் டிவி முன் உட்கார்ந்து மனப்பாடம் செய்ததை, மூன்று பேர் கொண்ட குழுவின் அறிமுகப் பாட்டாக மாற்றிவிட்டார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

பாடல்களுக்கு இடையே ஒரு வினாடி வினா நிகழ்ச்சியும் ஓடுகிறது. ஒரு கோழிக்கு எத்தனை இறகு, பேட்மேனின் கார் எத்தனை முறை பஞ்சர் ஆனது என்பவை கேள்விகள். போட்டியாளர்கள் திணறுகிறார்கள். பின்னாளில் ராப் ஆல்பங்களில் வழக்கமாகிப்போன குறுநாடகத் துணுக்குகளுக்கு வழி திறந்தது இதுதான். சிரிப்போடு நிறுத்திக்கொண்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். ‘சே நோ கோ’ போதைப்பொருளைப் பற்றியது, ‘கெட்டோ தாங்’ வறுமையைப் பற்றியது. தங்கள் வரிகளைப் பிறர் திருடுவதைச் சொல்ல, புல்வெளியில் குழி தோண்டிவிட்டார்கள் என்று ஒரு பாட்டு முழுக்கப் புலம்புகிறார்கள்.

பூக்களைப் பார்த்த பத்திரிகைகள் இவர்களை ஹிப்பிகள் என்றன. அந்த முத்திரை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1991-ல் வந்த அடுத்த ஆல்பத்தின் பெயர் ‘டி லா சோல் இஸ் டெட்’; அட்டையில் உடைந்து கிடக்கும் டெய்சித் தொட்டி.

அதே காலத்தில் பெரிய அடி ஒன்றும் விழுந்தது. முதல் ஆல்பத்தில் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் துணுக்கு ஒன்றில், 1960களின் டர்டில்ஸ் குழுவின் இசைத்துண்டை வேகம் குறைத்துச் சுழலவிட்டு, மேலே பிரெஞ்சு மொழிப் பாடத்தட்டின் குரலைப் போட்டிருந்தார்கள். அனுமதி பெறவில்லை என்று டர்டில்ஸ் குழுவினர் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்துத்தான் முடித்தார்கள். படைத்தவருக்குப் பங்கு சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் விலை ஏறியதில், இப்படிப் பல தட்டுகளைக் கலந்து ஆடும் ஆல்பம் செய்வதே எட்டாக்கனி ஆகிவிட்டது.

இணையத்தில் பாட்டு விற்கும் காலம் வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. பழைய ஒப்பந்தங்கள் இசைத்தட்டையும் கேசட்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. டிஜிட்டலுக்கு அவை செல்லுமா என்பது தெளிவாக இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் 2010-ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்த ஆல்பத்தைச் சேர்த்தது. அப்போதும் ஓர் இளைஞர் அதைக் கைபேசியில் முறைப்படி கேட்க வழியில்லை. 2014 காதலர் தினத்தன்று குழுவினரே தங்கள் ஆல்பங்களை ரசிகர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதுவும் 25 மணி நேரத்துக்குத்தான்.

2021-ல், ஆல்பத்தை வெளியிட்ட டாமி பாய் நிறுவனம் ரிசர்வாயர் என்ற இசை நிறுவனத்தின் கைக்குப் போன பிறகே இதற்கான பேச்சு முன்னேறியது. சாம்பிள்களுக்கு ஒவ்வொன்றாக அனுமதி வாங்கி, கிடைக்காத சிலவற்றை மாற்றி, 2023 மார்ச் 3-ஆம் தேதி, சரியாக 34 ஆண்டுகள் கழித்து, ஆல்பம் ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வந்தது.

தயிரைத் திருப்பிப் போட்டுப் பெயர் வைத்துக்கொண்ட டேவிட் ஜோலிகர் அந்த நாளைப் பார்க்கவில்லை. அதற்கு 19 நாள் முன்பு, பிப்ரவரி 12 அன்று, 54 வயதில் அவர் காலமானார். அவர் குரல் இப்போது உங்கள் கைபேசியில் கிடைக்கிறது. ‘தி மேஜிக் நம்பர்’ பாட்டிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.